பின்னணி இசை பின்னணியிலேயே நிற்க

கொடைக்கானல் நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பழனி மலையின் தெற்கு விளிம்பை ஒட்டி இருக்கிறது வட்டக்கானல். டால்பின் நோஸ் பாறைக்கும் எக்கோ ராக்குக்கும் இறங்கும் ஒற்றையடிப் பாதை இங்கேதான் தொடங்குகிறது. வார இறுதிகளில் அந்தப் பாதையில் கைபேசி இல்லாமல் இறங்குபவர் அரிது. ஊர் திரும்புமுன்பே பலருடைய காணொளி தயாராகிவிடுகிறது. பனிமூட்டம், பள்ளத்தாக்கு, சோலைக்காடு எல்லாம் அதில் கண்ணுக்கு நன்றாகவே தெரிகின்றன. காதுக்குத்தான் எதுவும் கிடைப்பதில்லை. பேசுபவரின் வாயசைவு தெரிகிறது, சொல் பாட்டுக்குள் அமுங்கிவிடுகிறது. காட்டுக்கு ஒரு சத்தம் உண்டு என்பதற்கான தடயமே இல்லை. இசையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று பார்த்தவர் சொன்னால், எடுத்தவர் அடுத்த முறை இசை டிராக்கின் ஸ்லைடரைக் கொஞ்சம் கீழே இழுக்கிறார். அப்போதும் குறை தீருவதில்லை. இசையின் அளவை அந்த இசைக்கு மட்டுமே உரிய ஓர் எண்ணாக நினைப்பதால் வரும் குறை இது. எந்த ஒலிக்குப் பின்னால் இசை நிற்கிறதோ, அந்த ஒலிக்கும் இசைக்கும் இடையே உள்ள இடைவெளிதான் உண்மையான அளவு. அந்த ஒலி மாறும்போதெல்லாம் இசையும் மாறியாக வேண்டும். ஒலியியலும் செவியறிவியலும் இதற்குத் தரும் சான்றுகள் வலுவானவை. அவற்றைச் சோதித்துப் பார்க்க வட்டக்கானலைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை.

முதலில் ஸ்லைடர் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். கைபேசிச் செயலிகள் பலவற்றில் அது 0 முதல் 100 வரை எண் காட்டும். 100இலிருந்து 50க்கு இறக்கினால் இசை பாதியாகிவிட்டது என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்த எண் ஒலியலையின் வீச்சை நேராகக் குறிப்பதாக இருந்தால், வீச்சு பாதியாவது உண்மைதான். ஆனால் டெசிபல் கணக்கில் அது 6 மட்டுமே. ஓர் ஒலி பாதியாகக் குறைந்துவிட்டது என்று மனிதக் காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் இறங்க வேண்டும். ஆகவே 50இல் நிற்கும் இசை, காதுக்கு இன்னும் மூன்றில் இரண்டு பங்கு உரப்புடன்தான் கேட்கும். 25இல் வைத்தால் 12 டெசிபல் குறைகிறது. காதுக்கு அது பாதியைவிடச் சற்றே குறைவு. 10இல் வைக்கும்போதுதான் 20 டெசிபல் இறங்கி, உணரும் உரப்பு கால் பங்காகிறது. காது ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கூட்டலாகக் கேட்பதில்லை, விகிதமாகவே கேட்கிறது. டெசிபல் என்ற மடக்கை அளவு ஒலிக்குப் பொருந்தி வந்ததற்குக் காரணமும் இதுதான். ஸ்லைடரின் மேல்பாதியில் எங்கே வைத்தாலும் இசை பின்னணிக்குப் போகாமல் அடம்பிடிப்பது செயலியின் கோளாறு இல்லை, மடக்கைக் கணக்கின் விளைவு.

இதோடு தொடக்க நிலையிலேயே இருக்கும் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளியிடப்பட்ட பாட்டு ஒன்று ஒலிக்கூடத்தில் இறுக்கிப் பிழியப்பட்டு, டிஜிட்டல் கோப்பு தாங்கும் உச்சத்தை ஒட்டி நிரப்பப்பட்டே நம் கைக்கு வருகிறது. திறந்த வெளியில் கைநீட்டிப் பிடித்த கைபேசியில் பதிவான குரல் அதைவிட 10, 15 டெசிபல் கீழே இருப்பது வழக்கம். இரண்டையும் டைம்லைனில் போட்ட உடனேயே பாட்டு குரலை மிதித்துக்கொண்டு நிற்கிறது. அலைவடிவத்தின் உச்சிகளைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கைதட்டலும் நாதஸ்வரமும் ஒரே உச்சியைத் தொடலாம், ஆனால் உரப்பு ஒன்றாக இருக்காது. உரப்பை நேரடியாக அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் பி.எஸ். 1770 என்ற பரிந்துரையாக வெளியிட்டது. அந்த முறையில் அளக்கும் உரப்பை எல்.யு.எஃப்.எஸ் என்ற அலகில் குறிக்கிறார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் நிகழ்ச்சிகளின் உரப்பை அந்த அலகில் −23 என்று வரையறுத்தது. நம் நாட்டின் 1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளும் விளம்பரங்களின் ஒலி மிகையான உரப்புடன் இருக்கக் கூடாது என்கின்றன, எவ்வளவு போனால் மிகை என்பதை மட்டும் சொல்வதில்லை. இன்று டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள்களிலேயே இந்த உரப்பு மீட்டர் இருக்கிறது.

பேச்சுக்கும் இசைக்கும் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்? இதற்கு ஓர் எண் இருக்கிறது. இணைய உள்ளடக்கத்தை எல்லோரும் அணுகும்படி செய்வதற்கான டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட வழிகாட்டியின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, பேச்சை முதன்மையாகக் கொண்ட ஒலிப்பதிவுகளில் பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் கீழே இருக்க வேண்டும் என்கிறது. காதுக்கு அது பேச்சில் கால் பங்கு. அந்த வழிகாட்டியின் மூன்று நிலைகளில் மிகக் கடுமையான நிலையின் விதி இது, எல்லோரையும் கட்டுப்படுத்துவது இல்லை. ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள ஏற்றது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உரப்பு மீட்டரில் பாட்டு −10இல் இருக்கிறது, குரல் −25இல் இருக்கிறது என்று கொள்வோம். முதலில் குரலை 9 டெசிபல் ஏற்றி −16க்குக் கொண்டுவருகிறோம். இசை அதற்கு 20 கீழே, அதாவது −36இல் நிற்க வேண்டும். அதற்கு அது 26 டெசிபல் இறங்கியாக வேண்டும். நூறு எண் காட்டும் ஸ்லைடரில் இந்த இடம் வெறும் 5. இசையை அவ்வளவு கீழே இறக்க யாருக்கும் கை வராது. அதனால்தான் காணொளிகள் இப்படி ஒலிக்கின்றன.

மீட்டர் எதற்கு, காது போதாதா என்று கேட்கலாம். இசையமைப்பாளர்களும் ஒலிப்பொறியாளர்களும் காதை நம்பித்தானே வேலை செய்கிறார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் சொந்தக் காணொளியை எடிட் செய்பவரின் காதில் ஒரு குறிப்பான குறை உண்டு. அந்த வாக்கியம் அவருக்கு முன்பே தெரியும். 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பதிவுசெய்த வாக்கியத்தில் ஓர் ஒலியை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்டவர்களுக்கு வாக்கியம் முழுமையாகவே கேட்டது. எந்த ஒலி காணாமல் போனது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. எதிர்பார்ப்பை வைத்து மூளை விடுபட்டதை நிரப்பிக்கொள்கிறது. தான் எழுதி, தான் பேசி, எடிட்டிங்கில் திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியத்தை இசை எவ்வளவு மூடினாலும் எடிட்டருக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கும். முதன்முறை கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. வயதும் ஒரு காரணம். நன்றாகக் காது கேட்கும் இளைஞர் பேச்சும் இரைச்சலும் சம அளவில் இருந்தாலும் பெரும்பாலான சொற்களைப் பிடித்துவிடுவார். செவித்திறன் குறைந்த முதியவருக்கு அதே நிலையில் பேச்சு கலங்கிப்போகும். எடிட் செய்பவர் பெரும்பாலும் இளைஞர், பார்க்கும் குடும்பத்தில் எல்லா வயதினரும் இருக்கிறார்கள். மீட்டருக்கு வாக்கியமும் தெரியாது, வயதும் கிடையாது.

காதின் இன்னொரு இயல்பும் எடிட்டரை ஏமாற்றுகிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட அளவீடுகள் காது எல்லா அதிர்வெண்களையும் சமமாக நடத்துவதில்லை என்று காட்டின. 3000, 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் அது மிகக் கூர்மையானது. கீழ்ச்சுருதிகளில் மந்தம், அதிலும் ஒலி மெல்லியதாகும்போது அந்த மந்தம் இன்னும் கூடுகிறது. நல்ல ஹெட்ஃபோனில் சத்தமாக வைத்து எடிட் செய்பவருக்கு இசையின் அடித்தளமான பேஸ் ஒலிகள் தனியாகவும் குரல் தனியாகவும் கேட்கும். அதே காணொளியை இன்னொருவர் பேருந்தில் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்கிறார். அந்த ஸ்பீக்கரால் கீழ்ச்சுருதிகளைத் தர முடியாது. இசையில் எஞ்சி வருவது நடுப்பகுதி மட்டும். அந்த நடுப்பகுதிதான் பேச்சின் இடமும்கூட. ஹெட்ஃபோனில் நட்பாக இருந்த இரண்டும் கைபேசியில் ஒரே இடத்துக்காக மோதுகின்றன. ஒலியளவை முடிவுசெய்யும் முன் ஒரு முறையாவது கைபேசி ஸ்பீக்கரில், குறைந்த சத்தத்தில் கேட்க வேண்டும் என்று ஒலிப்பொறியாளர்கள் சொல்வதன் காரணம் இது.

ஓர் ஒலி இன்னோர் ஒலியைக் கேட்கவிடாமல் செய்வதை அறிவியலில் மறைப்பு என்கிறார்கள். மறைப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக நடப்பதில்லை. உள்காதின் சுருளெலும்பில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஓரிடம் உண்டு. ஒன்றையொன்று ஒட்டிய அதிர்வெண்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன, விலகியவை அவ்வளவாக இடிப்பதில்லை. கீழ்ச்சுருதி மேற்சுருதியை மறைக்கும் அளவுக்கு மேற்சுருதி கீழ்ச்சுருதியை மறைப்பதில்லை. தமிழ்ப் பேச்சுக்கு இது குறிப்பாக முக்கியம். ல, ள, ழ மூன்றையும் நாக்கு எப்படி உருவாக்குகிறது, அவற்றின் ஒலியமைப்பு என்ன என்று ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெய்ல் கான் ஆகியோர் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பின் (எம்.ஆர்.ஐ.) உதவியோடு ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். இந்த ஒலிகளைப் பிரித்துக் காட்டுவதில் குரல்வழியின் மேல் ஒத்திசைவுகளுக்கு, குறிப்பாக மூன்றாவதற்குப் பெரும் பங்கு உண்டு. அவை விழும் இடம் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரை. மலைக் காணொளி என்றதும் எல்லோரும் தேடிப் போடுகிற புல்லாங்குழலும் கிடாரும் தம் மேற்சுரங்களை அள்ளி வீசும் இடமும் அதுவே. உயிரொலிகள் வலுவானவை, தப்பித்துவிடும். மெய்யொலிகளின் நுண்ணிய வேறுபாடுகள்தான் முதலில் பலியாகும். இதற்கு ஸ்லைடரைவிடக் கூர்மையான மருந்து ஈக்குவலைசர். இசை டிராக்கில் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டும் சில டெசிபல் பள்ளமாக்கினால், இசையின் உடல் அப்படியே இருக்க, பேச்சுக்கு இடம் கிடைத்துவிடும்.

பாட்டில் வரிகள் இருந்தால் சிக்கல் உள்காதோடு நிற்பதில்லை. பின்னால் ஒலிக்கும் சொல்லையும் மூளை புரிந்துகொள்ள முயல்கிறது. 2007இல் வெளிவந்த வான் எஞ்சன், பிராட்லோ ஆய்வில், ஆங்கிலம் பேசுபவர்கள் ஆங்கில வாக்கியங்களைக் கேட்டபோது, பின்னணியில் இருவர் சீன மொழியில் பேசியதைவிட ஆங்கிலத்தில் பேசியதே அதிகம் குழப்பியது. ஒலியளவைக் கொண்டு மட்டும் இதை விளக்கிவிட முடியாது. புரிகிற மொழி கவனத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறது. தமிழில் பேசும் காணொளிக்கு அடியில் தமிழ்ப் பாட்டை ஓடவிடுவது இதன்படி மிகத் தவறான தேர்வு. வரிகள் இல்லாத இசைக்கு 20 டெசிபல் போதுமென்றால், தெரிந்த வரிகள் உள்ள பாட்டுக்கு அதுவும் போதாமல் போகலாம். பேசும் இடங்களில் கருவியிசையும், பேசாத இடங்களில் வரிகளும் என்று பிரித்துக்கொள்வதே தெளிவான வழி.

இந்தப் பிரிவு காலத்தில் நடக்கிறது. எடிட்டிங் மென்பொருள் தரும் மிகப் பயனுள்ள வசதியும் இங்கேதான் வருகிறது. இசை டிராக்கின் ஒலிக்கோட்டில் கீஃபிரேம் என்னும் புள்ளிகளை வைத்து, பேச்சு வரும்போது இறக்கி, முடிந்ததும் ஏற்றலாம். இதையே பேச்சைக் கேட்டுத் தானாகச் செய்யும் ஏற்பாட்டுக்கு டக்கிங் என்று பெயர். எப்போது இறக்குவது என்பதற்கும் உடலியல் காரணம் உண்டு. உரத்த ஒலி நின்ற பிறகும் 100, 200 மில்லிசெகண்டுக்குக் காதின் கூர்மை திரும்புவதில்லை. பேச்சு தொடங்கும் கணத்தில் இசையை இறக்கினால் முதல் எழுத்து அந்த மந்தத்தில் விழுந்துவிடும். ஆகவே குரல் வருவதற்கு அரை நொடி முன்பே இசை இறங்கியிருக்க வேண்டும். ஏறும்போது அவசரம் வேண்டாம், ஒரு நொடிக்குமேல் எடுத்துக்கொண்டு மெல்ல ஏறட்டும். சொல்லுக்குச் சொல் இறங்கி ஏறும் இசை மூச்சிரைப்பதுபோல் கேட்கும். இந்த இறக்கத்தை எடிட்டிங் கருவி வருவதற்கு முன்பே நம் மேடைகள் அறிந்திருக்கின்றன. ராக ஆலாபனையில் பாடகர் நிற்கும்போது வயலின் பதில் சொல்கிறது, அவர் தொடரும்போது ஒதுங்குகிறது. தனி ஆவர்த்தனத்தில் முழங்கும் மிருதங்கம் கிருதியில் அப்படி முழங்குவதில்லை. கொடைக்கானல் குகையோடு பெயர் ஒட்டிப்போன ‘குணா’ (1991) படத்தின் கடிதப் பாட்டில் பேச்சும் பாட்டும் மாறி மாறி வருகின்றன. பேசும் குரலுக்கு இடம்விட்டே இளையராஜா இசையைக் கட்டியிருக்கிறார். அங்கே ஸ்லைடர் செய்ய வேண்டிய வேலையை இசையமைப்பே செய்துவிடுகிறது.

நேரில் பேசும்போது இந்தச் சிக்கல் ஏன் வருவதில்லை? வட்டக்கானல் அருவியின் அருகில் நின்று பேசுபவர் தானறியாமலே குரலை உயர்த்துகிறார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் விவரித்த இயல்பு இது. சுற்றிலும் சத்தம் கூடினால் குரலும் கூடுகிறது, உயிரொலிகள் அழுத்தம் பெறுகின்றன, பேச்சு மெதுவாகிறது. பறவைகளுக்கும் இது பொருந்தும். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இரைச்சல் மிகுந்த இடங்களில் வாழும் பட்டாணிக் குருவி இனமொன்று உயர்ந்த சுருதியில் பாடுவதை ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். ஆக, இயற்கையில் பேச்சும் இரைச்சலும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே நடக்கின்றன. எடிட்டிங் மேசையில் அந்த உறவு அறுந்துவிடுகிறது. பேசியவர் பேசிய நேரத்தில் அந்த இசை அங்கே இல்லை. அமைதியான காட்டில் தாழ்ந்த குரலில் சொன்ன வாக்கியத்தின்மேல் நாலு நாள் கழித்து ஒரு பெரும் இசைக்குழு வந்து உட்கார்கிறது. குரல் இனிமேல் தன்னை உயர்த்திக்கொள்ள முடியாது. விட்டுக்கொடுக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் பிறகு வந்த இசையின்மேல் விழுகிறது. இசைதான் குறைய வேண்டும் என்பதை ரசனைக் கோரிக்கையாக அல்லாமல் அறிவியல் நியாயமாகவே சொல்ல முடிவது இதனால்தான்.

இதுவரை முன்னால் நின்றது மனிதக் குரல். அந்த இடத்தில் சோலைக்காட்டை நிறுத்திப் பார்த்தால் எண்கள் மாறுகின்றன. வட்டக்கானலைச் சுற்றியுள்ள சோலைகளில் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் பழனிச் சிரிப்பானும் தென்னிந்திய மலையுச்சிகளுக்கு வெளியே உலகில் எங்கும் இல்லாதவை. மலையுச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பள்ளத்தாக்குகளால் பிரிந்திருப்பதால் உயிரியலாளர்கள் அவற்றை வானத்தீவுகள் என்கிறார்கள். சோலைக்கிளி வகையின் பாட்டு இந்தத் தீவுகளிடையே எப்படி வேறுபடுகிறது என்பதை ராபின், கட்டி உள்ளிட்டோர் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். 2017இல் இந்தப் பறவைகளுக்குத் தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. அப்படியென்றால் வட்டக்கானல் பாதையில் தற்செயலாகப் பதிவாகும் சில நொடிப் பறவைப்பாட்டும் அந்த மலைக்கே உரிய தகவல். பெரும்பாலான பாடும் பறவைகளின் குரல் 2000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அமைகிறது. புதருக்குள் இருக்கும் பறவை மைக்கிலிருந்து பல மீட்டர் தொலைவில் பாடுவதால், பதிவில் அது பேச்சைவிட வெகு கீழே இருக்கும். பேச்சுக்குக் கால் பங்காக இறக்கப்பட்ட இசைகூட அந்தப் பறவையை முழுவதும் மூடிவிடப் போதும். கீழ்ச்சுருதி ஒலியையாவது பறவைப்பாட்டு கொஞ்சம் தாங்கும், குழலையும் ஜால்ராவையும் தாங்கவே தாங்காது.

எக்கோ ராக்கில் கணக்கு இன்னும் கடுமையாகிறது. எதிர்ப்பாறை 170 மீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூவியவரின் குரல் போய்த் திரும்ப 340 மீட்டர் கடக்க வேண்டும், அதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். ஒலி பரவிப் பரவி மெலிவதால், பாறை விழுந்ததை முழுவதும் திருப்பி அனுப்பினால்கூட, ஒரு மீட்டர் தொலைவில் பதிவான கூவலைவிட எதிரொலி சுமார் 50 டெசிபல் கீழே இருக்கும். இப்போது 20 டெசிபல் விதியை ஒழுங்காகப் பின்பற்றிய ஒருவர் இசையைக் கூவலுக்கு 20 கீழே வைக்கிறார். அந்த இசை எதிரொலியைவிட 30 டெசிபல் மேலே நிற்கிறது, ஆற்றலில் ஆயிரம் மடங்கு. எதிரொலியைக் காட்டத்தான் அந்தக் காட்சியே எடுக்கப்பட்டது. அங்கே இசைக்குச் சரியான அளவு சுழியம் ஒன்றுதான். பேச்சுக்கு 20, பறவைக்கு அதைவிட அதிகம், எதிரொலிக்கு முழு அமைதி என்று ஒரே காணொளிக்குள் மூன்று விடைகள் வருகின்றன. இசை டிராக்குக்கு ஒரே எண்ணை வைத்து ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் இங்கே உடைந்துபோகிறது.

மலையில் பதிவாகும் ஒலியை வைத்துக்கொள்ளவே முடியாது, முழுக்கக் காற்றிரைச்சல், அதை மூடத்தான் இசை என்பது பலர் சொல்லும் மறுப்பு. காற்றிரைச்சல் உண்மைதான். ஆனால் அது காட்டின் ஒலி இல்லை, மைக்கின் வாயில் காற்று சுழன்று மோதுவதால் உண்டாவது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. மைக்குக்கு ஒரு பஞ்சுறையோ ரோம உறையோ போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். எடிட்டிங்கில் 150 அல்லது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டும் லோ-கட் வடிப்பானைப் போட்டால் மிச்சமும் குறையும். அப்படி வெட்டினால் ஆண்குரலின் அடிச்சுருதி போய்விடாதா என்று கேட்கலாம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அதில் அப்பாவின் குரலை யாரும் அடையாளம் தெரியாமல் விட்டதில்லை. மேலே உள்ள மடங்குகளிலிருந்து அடிச்சுருதியை மூளையே ஊகித்துக்கொள்ளும். பறவைகளோ வெட்டுப்படும் எல்லையிலிருந்து வெகு மேலே பாடுபவை. குப்பையை மூட இசையைக் கொட்டினால் குப்பையோடு குரலும் பறவையும் சேர்ந்தே புதைகின்றன.

யூடியூப் போன்ற தளங்கள் உரப்பைத் தாமாகவே சரிசெய்கின்றனவே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. அவை சரிசெய்வது முழுக் காணொளியின் உரப்பைத்தான். அளவுக்குமேல் இருந்தால் மொத்தத்தையும் ஒன்றாக இறக்குகின்றன. பேச்சும் இசையும் ஒரே கோப்பில் கலந்த பிறகு இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அந்தச் சீரமைப்பு தொடுவதில்லை. சொல்லப்போனால் உரத்த இசை மொத்த அளவீட்டை ஏற்றிவிடுவதால், தளம் இறக்கும்போது குரலும் கூடவே கீழே போகிறது. இதற்கு மாற்றுவழியை பி.பி.சி. 2019இல் தன் மருத்துவமனைத் தொடரான ‘கேஷுவல்டி’யின் ஓர் அத்தியாயத்தில் சோதித்தது. அதில் பின்னணி ஒலிகளை எவ்வளவு குறைப்பது என்பதைப் பார்ப்பவரே ஒரு ஸ்லைடரால் தீர்மானிக்க முடிந்தது. தனித்தனி ஒலிகளைக் கடைசிவரை கலக்காமல் கொண்டுசென்றால்தான் அது முடியும். அந்த வசதி நம் கைபேசிக்கு வரும்வரை முடிவு எடிட்டரின் கையில்தான்.

வலுவான மறுப்பு ரசனை பற்றியது. இசை இல்லாவிட்டால் படம் செத்துப்போகும், உணர்ச்சியைக் கொண்டுவருவது இசைதான், நாங்கள் பாட்டோடு வளர்ந்த மக்கள் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 1970களில் கொடைக்கானலில் படமான லிரில் சோப்பு விளம்பரத்தில் அருவி ஓர் இசைத்துணுக்குக்குள் கரைந்துவிடுகிறது. வன்ராஜ் பாட்டியாவின் அந்தத் துணுக்கு இல்லாமல் அந்தப் படத்தை நினைத்துப் பார்க்க முடியாது. வட்டக்கானலுக்குப் பக்கத்திலுள்ள பாம்பார் அருவியை மக்கள் இன்றும் லிரில் அருவி என்கிறார்கள். 2024இல் வந்த ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ திரைப்படம், அந்தக் கொடைக்கானல் குகையின் குழியில் விழுந்தவர் மீண்டு வெளியே வரும் இடத்தில் ‘குணா’ பாட்டை எழுப்பியபோது திரையரங்கே எழுந்தது. இந்த இரண்டு இடங்களிலும் பேச்சுக்கு வேலையில்லை. இசை முன்னணிக்கு வந்து நிற்க உரிமை பெற்ற இடங்கள் அவை. அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. இடைவெளிக் கணக்கு இசைக்கு எதிரான சட்டமும் இல்லை. முன்னால் எதுவும் இல்லாதபோது இசை முழு அளவுக்கு ஏறலாம் என்பதும் அதே கணக்கின் மறுபாதிதான். எப்போதும் ஒரே உரப்பில் ஓடும் இசையைக் காது சில நிமிடங்களில் பழகிப் புறக்கணித்துவிடும். இறங்கி நின்ற இசை ஏறும்போதுதான் கேட்பவரை அசைக்கிறது. உணர்ச்சியை விரும்புபவருக்குத்தான் இந்த இறக்கம் அதிகம் தேவை.

ஆகவே வேலையின் வரிசையை மாற்றுவதே சரியான தீர்வு. இன்று பெரும்பாலானோர் முதலில் பாட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் தாளத்துக்குக் காட்சிகளை வெட்டி, கடைசியில் குரலை எங்கோ செருகுகிறார்கள். குரலையும் இடத்தின் ஒலியையும் முதலில் அமையுங்கள். குரலை உரப்பு மீட்டரில் ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். காற்றிரைச்சலை வெட்டுங்கள். பறவையோ எதிரொலியோ அருவியோ பேசும் இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே இசையை வைக்காதீர்கள். இசையைக் கடைசியில் கொண்டுவந்து, பேச்சின்கீழ் 20 டெசிபல் இறக்கி, வெற்றிடங்களில் ஏற்றுங்கள். பிறகு அந்த வாக்கியங்களை முன்பு கேட்டிராத ஒருவரிடம், முடிந்தால் வீட்டில் வயதில் மூத்தவரிடம், கைபேசி ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள். அவர் ஒரு சொல்லைத் திரும்பக் கேட்டால் இசை இன்னும் கூடுதல்தான். வெளியிடும்முன் இசை டிராக்கை முழுவதும் மியூட் செய்தும் ஒருமுறை ஓடவிடுங்கள். அப்படிக் கேட்கும்போதும் காணொளி நிற்குமானால் நீங்கள் சேர்க்கும் இசை அதற்கு அழகு. நிற்கவில்லையென்றால் எந்த இசையும், எந்த அளவிலும், அதைத் தூக்கி நிறுத்தப் போவதில்லை.